பரமேஸ்வரி அக்காவும் இரண்டு லாக்குகளும்

கிள்ளானில் ஒரு கிடங்கு. அதன் வாசலில் எங்கள் கம்பெனி செய்த பெட்டி. லோரியின் அட்டையை ஸ்கேனர் படித்ததும் கேட்டைத் திறப்பது அதன் வேலை. அதற்குள் ஸ்கேனரை இயக்கும் கெர்னல் டிரைவர் என்ற மென்பொருளை நானும் குணாவும் சுபாங் ஜெயா ஆபீஸில் எழுதினோம். குணா பந்திங் ஊர்க்காரன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன்.

பெட்டி அடிக்கடி உறைந்துபோகிறது என்று புகார் வந்தது. உறைந்தால் கேட் திறக்காது, லோரிகள் ரோடு வரை நிற்கும். ஆபீஸில் எப்படிச் சோதித்தாலும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை நின்றால் எல்லாப் பெட்டிகளையும் கழற்றித் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று கிடங்கு மேனேஜர் சொன்னதும், இரண்டு பேரும் கிள்ளானுக்குக் கிளம்பினோம்.

கேட்டுக்குப் பொறுப்பு பரமேஸ்வரி அக்கா. எங்களைப் பார்த்ததும் எழுந்து, கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுவிட்டார். காலை முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். லோரிகள் வந்தன, போயின. பெட்டி சமர்த்தாக இருந்தது. மத்தியானம் பக்கத்துக் கடைக்குச் சாப்பிடப் போனோம். சோற்றில் கை வைத்ததும் குணாவுக்கு அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, நீங்க அந்தப் பக்கம் போனதும் நின்னுருச்சு லா."

திரும்பிப் போய் பெட்டியை ரீஸ்டார்ட் செய்தோம். இந்தத் தடவை அக்காவையே அவர் இடத்தில் உட்காரச் சொல்லி, நாங்கள் பின்னால் நின்றோம். அக்காவின் விரல் நேராக எஃப்5 பட்டனுக்குப் போனது. எந்த ஸ்கேனர் என்ன செய்கிறது என்று காட்டும் பக்கத்தை விடாமல் ரிஃப்ரெஷ் செய்துகொண்டே இருந்தார். வெளியே லோரிகள் வரிசை கட்டின. கொஞ்ச நேரத்தில் திரை அசையாமல் நின்றுவிட்டது.

எனக்கு ஒரே சந்தோஷம். வேண்டும்போது வரவழைக்க முடிகிற பிழை, பாதி தீர்ந்த பிழை.

பிழையைச் சரிசெய்யும்வரைக்கும் எஃப்5 அழுத்த வேண்டாம் என்று குணா அக்காவிடம் கேட்டுப் பார்த்தான்.

"பாக்கக் கூடாதுன்னா அந்தப் பேஜ ஏன் குடுத்தீங்க?" என்றார் அக்கா.

ஆபீஸுக்கு வந்து டெஸ்ட் கெர்னலில் லாக்டெப்பைப் போட்டோம். ஒரே தகவலை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொடாதபடி கோட் எடுக்கும் பூட்டுதான் லாக்; எந்த லாக்கை எதற்குப் பிறகு எடுக்கிறது என்று கவனித்து, வரிசை முரண்பட்டால் எச்சரிக்கும் கருவி அது. வேகத்தைக் குறைக்கும் என்று அணைத்து வைத்திருந்தோம். ஒரு ஸ்கேன், ஒரு ரிஃப்ரெஷ். பெட்டி உறையவே இல்லை, எச்சரிக்கை மட்டும் வந்துவிட்டது. ஸ்கேன் வரும் பாதையில் குணா முதலில் ஸ்கேன்கள் காத்திருக்கும் வரிசைக்கான கியூ லாக்கையும் பிறகு ஸ்கேனருக்கான டிவைஸ் லாக்கையும் எடுத்திருந்தான். அக்கா பார்க்கும் பக்கத்துக்கான பாதையில் நான் டிவைஸ் லாக்கை முதலில் எடுத்திருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால், ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்து நிற்கும். அதுதான் டெட்லாக்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே சரி. அதனால் யார் மாற்றுவது என்று வாக்குவாதம்.

"என் கோட் ஒவ்வொரு லோரிக்கும் ஓடுது. உன்னோடது யாராச்சும் பாத்தாத்தான் ஓடும். நீ மாத்து," என்றான் குணா.

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்கோ டிவைஸைப் பார்த்தால்தான் எந்த கியூ என்றே தெரியும். ஆகவே டிவைஸ் லாக்கை எடுத்துப் பார்த்து, விட்டுவிட்டு, கியூ லாக்கை எடுத்து, மறுபடி டிவைஸ் லாக்கை எடுத்தேன். இடையில் யாராவது ஸ்கேனரைக் கழற்றியிருந்தால்? அதையும் ஒருமுறை சரிபார்க்க வைத்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினேன், குணா தே தாரிக் டீ வாங்கி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படித்தான்.

புது டிரைவரைக் கிள்ளானில் போட்ட அன்று, அக்கா தன் போனிலும் அதே பக்கத்தைத் திறந்து இரண்டு கையாலும் ரிஃப்ரெஷ் செய்தார். கேட் தன் பாட்டுக்குத் திறந்து மூடியது. மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார்.

இப்போது டெஸ்ட் மெஷினில் லாக்டெப்பை அணைப்பதே இல்லை. எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் லாக் எடுக்கும் வரிசையை ஃபைலின் தலையில் எழுதிவிட்டுத்தான் கோடைத் தொடங்க வேண்டும். எந்த வரிசை என்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ஏதோ ஒன்றைப் பேசி முடிவு செய்து, எல்லாரும் அதன்படியே எடுங்கள்.