போகியன்று தூக்கிப் போட்ட ஸ்பாஞ்ச்

மீன் தொட்டியைப் பற்றி உங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று பொங்கலிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், தப்பிருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பெரியவன் படிக்காவிட்டாலும் சின்னவள் முழுசாகப் படிக்க வேண்டும்.

அந்தத் தொட்டி உங்கள் அம்மாவுடையது. நாலு தங்கமீன்கள். மாதம் ஒருமுறை தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் மொண்டு, பில்டருக்குள் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சை அதில் இரண்டு தடவை பிழிவாள். அவ்வளவுதான். குழாய்ப் பக்கம் கொண்டுபோகவே மாட்டாள். பம்மல் லேத் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வருகிற எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

"அழுக்குத் தண்ணியிலயே அழுக்கைக் கழுவுற ஒரே ஆள் நீதான்."

"இது அழுக்கு இல்லீங்க, இதான் தொட்டிக்கு உசுரு. லேத்தை மட்டும் பார்க்கத் தெரிஞ்சா போதுமா?"

கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அந்தப் பில்டர் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஆட்டோ வாசலில் நின்றது. நான் ஸ்கேன் பைலைத் தேடிக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "புது பில்டர் வாங்கினா பழசை உடனே கழட்டிடாதீங்க. ரெண்டும் ஒரு மாசம் சேர்ந்து ஓடட்டும்." நான் "சரி, சரி" என்றேன். பைல் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்கப்புறம் அவள் வீட்டுக்கு வரவில்லை.

துக்க வருஷம் என்பதால் அடுத்த பொங்கல் நமக்கு இல்லை. அதற்கடுத்த பொங்கல்தான் இந்தப் பொங்கல். உங்கள் அத்தை போன் செய்து, "வருஷம் திரும்பிடுச்சுடா. வீட்டை நல்லாத் தொடைச்சு, பழசையெல்லாம் தூக்கிப் போடு. புள்ளைங்க பண்டிகைன்னு ஒண்ணு பார்க்கட்டும்" என்றாள். சரியென்று பட்டது. ஒரு குறையும் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

போகியன்று காலை மீன்களை ஒரு குண்டானில் விட்டுவிட்டு, தொட்டித் தண்ணீரை முழுசாக வெளியேற்றினேன். கண்ணாடியைத் தேய்த்தேன். தொட்டிக்கு அடியில் பரப்பியிருந்த கல்லை அண்டாவில் போட்டு வேகவைத்தேன். சத்தமே இல்லாத புது பில்டர் வாங்கி வைத்திருந்தேன், புதுத் தண்ணீர் நிரப்பி அதை மாட்டி மீன்களை விட்டேன். பழையதை ஸ்பாஞ்சோடு எடுத்து, கிழிந்த பாய், உடைந்த வாளியோடு மூட்டை கட்டினேன். சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா, அம்மா பில்டரையுமா போடுற?"

"பழசும்மா. இன்னைக்குப் போகிதானே."

குப்பை வண்டிக்காரர் மூட்டையை வாங்கி மேலே எறிந்தார்.

பொங்கலன்று தொட்டி பளிச்சென்று இருந்தது. "அதுங்களுக்கும் பண்டிகைப்பா" என்று சின்னவள் காலையும் மாலையும் தீனி போட்டாள். நானும் சிரித்தேன். மாட்டுப் பொங்கலன்று எழுந்து பார்த்தால் தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது. நாலும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாயங்காலத்துக்குள் இரண்டு போயின. காணும் பொங்கலன்று ஒன்று. வளர்ப்பு மீன் கடையை அதற்கடுத்த நாள்தான் திறந்தார்கள்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்கிட்ட இருக்கிற அந்தக் கடைக்காரரை உங்களுக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன்.

"புச்சு பில்டரு போட்டியா சார்? பழசு இன்னா ஆச்சு?"

"போகிக்குப் போட்டுட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே பழசத் தூக்கிப் போடும், சரி. அதுக்குனு ஸ்பாஞ்சையுமா போடுவாங்கோ? மீனு பண்ற கழிவத் துன்னு தண்ணியக் காப்பாத்துற பூச்சிங்கோ, கண்ணுக்கே தெரியாது, அதுலதான் சார் கீது. கல்லுலயும் கீது, அதயும் வேக வெச்சுட்ட. ஒண்ணு விடாம சாவடிச்சுட்டு வந்து நிக்கிறியே!"

என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டை அறுத்து, அதே தண்ணீரோடு கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றினார். "இத்த உன் பில்டர்ல சொருவு. டெய்லி கால்வாசி தண்ணி மாத்து. ரெண்டு நாளைக்குத் தீனி வாணாம்."

கவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். ஒரு விரற்கடை அழுக்கு ஸ்பாஞ்ச். இதே அழுக்கை அம்மா வருஷக்கணக்காகக் காப்பாற்றி வைத்திருந்தாள். வண்டிகள் ஹாரன் அடித்தன. எனக்கு அந்தக் காலையின் "சரி, சரி" மட்டும்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "யாரும் தீனி போடக் கூடாது."

சின்னவளே, அப்போது நீ கேட்டாய்: "நான் ரெண்டு தடவை போட்டேன்ல, அதனாலயாப்பா செத்துச்சு?"

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அம்மா சொன்னதையும் சொல்ல வேண்டும், நான் காதில் வாங்காததையும் சொல்ல வேண்டும். "இனிமே பார்த்துப் போடும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

வால் கிழிந்த அந்த ஒன்று மட்டும் பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து நீ அதற்குத் தீனி போடுவதில்லை, நான்தான் போடுகிறேன். தொட்டி இருக்கிற பக்கம் உட்காராமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாய். கேட்டால் "அங்க காத்து வருதுப்பா" என்கிறாய். அங்கே காற்று வராது என்று எனக்குத் தெரியும்.

அம்மா இருந்தபோது நீ எத்தனை நாள் மூன்று வேளை போட்டிருக்கிறாய். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஸ்பாஞ்ச் இருந்தது. அந்த மூன்றும் என் கையால் போயின. அம்மா உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள்.

தீனி டப்பாவை உன் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை நான் தீனி போடாமல் பஸ்ஸுக்குப் போகிறேன்.