மாரீஸ்வரியின் பால்புட்டி அளவு

மாரீஸ்வரி காரைக்குடியில் பழைய அம்பாசிடர் ஓட்டுகிறாள். பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களை ஏற்றிப் போவாள். அந்தக் கார்தான் அவளுக்குச் சோறு. ஆனால் யாரையும் நம்பமாட்டாள். என் டீக்கடைக்கு வந்தால்கூடப் பால் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

எங்கேயோ சர்வீஸுக்கு விட்டபோது அவளுடைய புது பேட்டரியை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து காரில் கழற்றக்கூடிய சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு நகப்பூச்சில் பொட்டு வைத்திருக்கிறாள். ஸ்டெப்னி, ஜாக்கி, இன்ஜின், ஒன்றையும் விடவில்லை.

இந்த ஆடியில் கார் புகை கக்கியது. என் பக்கத்துக் கடை மெக்கானிக் குருநாதன் இன்ஜினைப் பிரித்து, லேத் பட்டறைக்கு அனுப்பிச் சிலிண்டரைக் கடைந்து வாங்கினார். திரும்பி வந்த இன்ஜினை மாரீஸ்வரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பொட்டைக் காணோம்.

"அண்ணே, இது என் இன்ஜின் இல்ல."

"லேத்துல காரத்தண்ணியில போட்டு வேகவச்சுத்தான் கடைவாக தங்கச்சி. பெயிண்டே நிக்காது, நகப்பூச்சு நிக்குமா? நம்பரைப் பாத்துக்க."

"நம்பர்த் தகட்டப் பிடுங்கி இங்குட்டு அடிக்க எம்புட்டு நேரமாகும்?"

"கொப்புடையம்மா சத்தியமா..."

"அம்மன எதுக்கு இழுக்குறீக? அளந்து காட்டுங்க."

நான் வாய்க்குள்ளேயே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தெருவில் நாலு டிரைவர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஜினை மாற்றியவர் என்று பேர் வந்துவிட்டால் குருநாதன் கடையை யார் மிதிப்பார்கள்?

குருநாதன் பிஸ்டன்களை மாட்டிவிட்டு, மேல்மூடி போடுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டார். கையில் பால்புட்டியோடு வந்தாள். தங்கை பிள்ளைக்கு வாங்கியது, மில்லி கோடு போட்டது.

"ஆர்சி புக்குல ஆயிரத்து நானூத்தி எம்பத்தொம்பது சிசி. சிசின்னா மில்லிதானே? நாலு சிலிண்டர்ல ஒண்ணுக்கு முந்நூத்தி எழுபத்திரெண்டு வரணும்."

பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து விளிம்பு வரை ஆயில் ஊற்றினார்கள். பிறகு பிஸ்டனைக் கீழே இறக்கி, மறுபடி விளிம்பு தொட எவ்வளவு போகிறது என்று புட்டியால் அளந்தார்கள். முந்நூற்று எண்பதைத் தாண்டியது.

"பாத்தீகளா! கூட வருது!"

"கூட வந்தா உனக்கு லாபந்தானே?" என்றார் ஒரு டிரைவர்.

"கொறைஞ்சாலும் மாத்துனதுதான், கூடுனாலும் மாத்துனதுதான். நீங்க சும்மா இருங்க."

குருநாதன் பழைய பிஸ்டன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கழற்றிய அன்றே அவள் பொட்டு வைத்த பிஸ்டன் அது. புதுப் பிஸ்டனை விட ஒரு மில்லிமீட்டர் ஒல்லி. "புதுசோட அளவுக்குச் சிலிண்டரைக் கடைஞ்சிருக்கு. வாய் அகலமானா கொள்ளளவு கூடாதா? நாலையும் சேத்தா ஆயிரத்து ஐந்நூத்தி முப்பது வரும், அளந்துக்க."

அவள் போனில் பெருக்கிப் பார்த்தாள். முகம் தெளியவில்லை. "அப்ப மிச்ச மூணையும் ஊத்துங்க."

இரண்டும் மூன்றும் ஒத்து வந்தன. நாலாவதில் ஊற்ற ஊற்ற ஆயில் கண்ணெதிரே இறங்கியது.

"அண்ணே, இது குடிக்குது!"

குருநாதன் அந்தப் பிஸ்டனைக் கழற்றினார். அதைச் சுற்றியிருந்த ரிங் இரண்டாக முறிந்திருந்தது.

"மாட்டுறப்ப ஒடைஞ்சிருக்கு. நாந்தான் கவனிக்கல," என்றார். மூடிப் பூட்டியிருந்தால் சவாரியோடு நடுரோட்டில் மறுபடி புகைதான்.

மாரீஸ்வரி முறிந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இது என் இன்ஜின்தாண்ணே."

"இப்ப மட்டும் எப்புடி நம்புற?"

"ஏமாத்துறவுக இத எங்கிட்டக் காட்டியிருக்க மாட்டாக."

புது ரிங் மாட்டி, மறுபடி ஊற்றிப் பார்த்தார்கள். நாலும் ஒரே அளவாக வந்தன. உடனே பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து இன்ஜினில் பொட்டு வைத்தாள்.

"எனக்கும் ஒரு பொட்டு வச்சிரு தாயி, மாத்திரப் போறாக," என்றார் குருநாதன். தெருவே சிரித்தது.

டீ குடிக்க வந்தாள். அவள் கேட்பதற்கு முன் நானே பால் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தாள்.