கண்டாவளையை அழித்த ஒரு வரி

நான் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகாதவன். ஆனாலும் எங்கள் விவசாயிகள் சங்கத்துக் கொம்பியூட்டருக்கு நான்தான் டொக்டர்.

இரணைமடுக் குளத்துச் சிறுபோகத் தண்ணீர்ப் பங்குக்காக, காணி உறுதிகளை ஸ்கேன் செய்து ஊர்வாரியாகப் போட்டு வைத்திருந்தேன். ‘கண்டாவளை’ என்று ஒரு கோப்புறை, போன வருடத்தது ‘கண்டாவளை பழசு’. பழசை அழிக்க, கொம்பியூட்டருக்கு நேரே உத்தரவிடுகிற ஷெல் கட்டளையாக ஒரே ஒரு வரி எழுதினேன். அது பெயரை இடைவெளியில் இரண்டாக வெட்டி, ‘கண்டாவளை’யை அழித்துவிட்டது. பழசு சுகமாக இருந்தது. பிரதி எடுத்து வைக்கும் நல்ல பழக்கமெல்லாம் எனக்கில்லை.

மறுநாள் கூட்டம். கொம்பியூட்டரில் உறுதி இல்லாதவருக்குத் தண்ணீர் இல்லை. அந்த ஊர் விவசாயிகளின் தலைவி மகேஸ்வரி அக்காவுக்குக் கோல் எடுத்து உண்மையைச் சொன்னேன்.

“எங்கட ஊரையே அழிச்சுப்போட்டியோடா?”

“ஓம் அக்கா.”

“ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். நீ மிசினைப் போட்டு வை” என்றார்.

பொழுதுபடுவதற்குள் எல்லா உறுதிகளையும் திரும்ப ஸ்கேன் செய்தோம். ஒருவரும் என்னை ஏசவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

அந்தக் கிழமையே அழிக்கும் வேலையைப் பைதன் என்ற இன்னொரு கொம்பியூட்டர் மொழியில் எழுதினேன். அது பெயரை முழுதாக எடுக்கும். அழிக்கமுதல் காட்டிக் கேட்கும்.

கொம்பியூட்டர் பார்க்க வந்த படித்த சேர் சிரித்தார். “தம்பி, ஒரு வரி வேலைக்கு இருபது வரியோ? ஷெல் தெரியாத ஆக்கள்தான் இப்பிடி எழுதுறது.”

“ஓம் சேர், தெரியாது. இருபது வரியும் இருக்கட்டும்.”

“மாத்தும்.”

“மாத்தமாட்டன் சேர்.”

இன்றுவரை மாற்றவில்லை. எனக்கு வாசிக்க விளங்குகிற மொழியில் எழுதினால்தான் என் பிழை என் கண்ணிலேயே முதலில் படும். மற்றவர்களின் தண்ணீரோடு விளையாடுகிறவனுக்கு அவ்வளவாவது வேண்டும்.