ஜன்னல்காரி ஊரில் இல்லை

அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு வானம் அக்கா என்று பெயர். கார்ட்டூன் படத்தில் ஓடுகிற, பேசுகிற, கண் சிமிட்டுகிற உருவங்களை எல்லாம் மற்றவர்கள் வரைவார்கள். அவற்றுக்குப் பின்னால் அசையாமல் கிடக்கும் வானம், சுவர், தெரு, மின்கம்பி எல்லாம் இவள் பொறுப்பு. வண்டிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தவள் வேலை கேட்டுப் போனபோது, உருவம் வரைகிற பெரிய கைகள் எல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கிய வானத்தைத் தூக்கி இவள் தலையில் கட்டினார்கள். இவளும் சளைக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வானத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

"அந்த ஆமைய நீதான் வரையறியா?" என்று கல்யாண வீட்டில் சித்தி ஆசையாகக் கேட்பாள்.

"இல்ல சித்தி. ஆமைக்குப் பின்னாடி இருக்கறத."

"ஓ" என்று சித்தி அடுத்த நாற்காலிக்காரியிடம் திரும்பிவிடுவாள். அதில் வானம் அக்காவுக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். சுருக்கென்றுதான் இருக்கும்.

தபால் கொண்டுபோகும் ஆமைதான் அந்தத் தொடரின் நாயகன். எத்தனை கூத்து அடித்தாலும், வாரக் கடைசியில் அது ஒரே தெரு வழியாகத்தான் வீடு திரும்பும். அந்தத் தெருமுனைக் கட்டடத்தின் மாடியில் வானம் அக்கா ஒரு ஜன்னல் வைத்திருந்தாள். அதில் எப்போதும் மஞ்சள் விளக்கு எரியும். யாரும் வைக்கச் சொல்லவில்லை. தெரு மொட்டையாக இருக்கிறதே என்று அவளாக வைத்தது. வைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? உள்ளே ஒரு தையல்காரியைக் குடிவைத்தாள். ஒரு வாரம் ஜன்னல் கம்பியில் துண்டு காயும், ஒரு வாரம் பூந்தொட்டி இருக்கும், ஒரு வாரம் தையல்காரிக்கு ஜலதோஷம் பிடித்து ஒற்றைக் கதவு சாத்தியிருக்கும். ஸ்டூடியோவில் ஒருவர்கூடக் கவனித்ததில்லை. உலகத்திலேயே யாரும் கவனிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று சொன்னார். "ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கொண்டுபோய் எங்கெங்கயோ இறக்கி விடறேன். உன்னை ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. வா, கடல் பாத்துட்டு வருவோம்."

கடல்! ஆமை நீந்துவதற்காக எத்தனையோ கடல் வரைந்திருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. அன்றே லீவு சொன்னாள். கிளம்புவதற்கு முன் அந்த வாரத்துத் தெருவை வரைந்து முடிக்கும்போது, ஜன்னலருகே தூரிகை நின்றது. நான் மட்டும் ஊர் சுற்றப் போகிறேன், இவள் மட்டும் கிடந்து தைத்துக்கொண்டே இருப்பதா? இரண்டு கதவையும் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். போனை எடுக்கவே கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட கண்டிஷன். அதையும் மீறவில்லை.

திரும்பி வந்து வேலைக்குப் போன அன்று ஸ்டூடியோ வாசலில் நிற்க இடமில்லை. காவலாளி அவளைப் பார்த்துவிட்டுப் பின்பக்கக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு போனார்.

"எங்கக்கா போயிட்டீங்க? கம்பெனியை மூடப் போறாங்கன்னு ஊரே அல்லோலகல்லோலப்படுது!"

"யார் சொன்னது?"

"ஜன்னல் சொல்லுச்சாம்."

விஷயம் இதுதான். அந்த ஜன்னலை மட்டும் கவனிக்கவே ஒரு ரசிகர் கூட்டம் இருந்திருக்கிறது. சிறு வயதில் ஆமை பார்த்து, வளர்ந்து, வேலைக்குப் போய், இன்னும் வாராவாரம் ஜன்னலில் என்ன காய்கிறது என்று பேசிக்கொள்கிறவர்கள். அவள் ஊரில் இல்லாத வாரம் டிவியில் விளக்கு அணைந்திருந்ததைப் பார்த்ததும் பதறிவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் வாய் திறக்க முடியாமல் ஜாடை காட்டுகிறார்கள், ஸ்டூடியோவை மூடப் போகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். எங்க மாமாவே அங்கேதான் வேலை பார்க்கிறார், அது உண்மைதான் என்று இன்னொருவர் அடித்துவிட்டார். அப்புறம் வதந்திக்குக் கையும் காலும் முளைக்கக் கேட்பானேன்? பேச்சிலேயே கட்டடத்தை விற்று, இடித்து, கார் நிறுத்தவே இடம் விட்டுவிட்டார்கள்.

காவலாளி தன் போனை நீட்டினார். படம் படமாக ஜன்னல்கள். சமையலறை ஜன்னல், ஹாஸ்டல் ஜன்னல், லாரியில் டிரைவர் சீட்டுக்கு மேல் ஒரு குட்டி பல்பு. எல்லாவற்றிலும் விளக்கு எரிந்தது. 'நாங்கள் அணைக்கவில்லை' என்று ஒவ்வொன்றின் கீழும் எழுதியிருந்தது.

"என் ஜன்னலுக்கா?" என்றாள். அவ்வளவு பெருமையாக இருந்தது. சித்தியை இப்போதே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலவும் இருந்தது.

முதலாளி பெருமைப்படுகிற நிலையில் இல்லை. அடுத்த வருஷத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட சேனல்காரர் அன்றைக்குத்தான் வருகிறார். மூடப் போகிற கம்பெனிக்கு எவன் கையெழுத்துப் போடுவான்?

"எந்தப் புண்ணியவான் அந்த விளக்கை அணைச்சது?"

"நான்தான் சார்."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. உடனே மஞ்சள் பூசிக் குடு. தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லி மறுபடி போட்டுடலாம்."

கைவேலையாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் அவளுக்கு மனசு வரவில்லை.

"அது தப்பில்ல சார். அவ அன்னிக்கு வீட்ல இல்ல."

"எவ?"

"தையல்காரி."

"அது வெறும் படம்மா! உள்ள யாரும் இல்ல!"

"அப்படின்னா வெளிய இவ்ளோ பேர் யாரைத் தேடி வந்திருக்காங்க?"

முதலாளிக்கு முகம் சிவந்தது. "அப்ப நீயே போய் சொல்லு. கூட்டம் கலையலைன்னா நாளைலேருந்து வேலைக்கு வராதே."

காவலாளியின் ஸ்டூலை வாசலில் போட்டு ஏறினாள். எப்போதும் பின்னால் இருப்பதையே வரைந்தவளுக்கு முன்னால் நின்று பழக்கமில்லை. ஸ்டூல் வேறு ஒரு கால் குட்டை. லடலடவென்று ஆடியது.

"கம்பெனியை மூடல. ஜன்னலை நான்தான் அணைச்சேன்."

"நீங்க யாரு?"

"பின்னாடி இருக்கறதெல்லாம் வரையறவ."

நம்புகிற மாதிரி யாரும் இல்லை. "அப்ப அந்த வீட்ல யார் இருக்காங்கன்னு சொல்லுங்க" என்று ஹெல்மெட்டோடு நின்ற ஒருவர் மடக்கினார்.

"தையல்காரி."

"இல்லவே இல்ல, நர்ஸ்!" என்றார் அவர். ரிட்டயரான வாத்தியார் என்றது இன்னொரு குரல். கூட்டத்துக்குள்ளேயே சண்டை மூண்டது.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபது வருஷமா அவளுக்கு விளக்கு போடறவ நான்! எனக்குத் தெரியாதா? மெஷின் சுவரோரமா இருக்கு. தெருவுலேருந்து பாத்தா தெரியாது!"

சண்டை போட்டவர்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள். "அப்ப ஏன் அணைச்சீங்க?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

எதையாவது பூசி மெழுகலாம் என்று பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. "நான் கடல் பாக்கப் போனேன். நான் மட்டும் போறது நல்லாயில்ல. அவளையும் கூட்டிட்டுப் போனேன்."

சொல்லிவிட்டாள். இத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்தது தன் ஒரு ஆசைதான் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். சிரிப்பார்கள், இல்லை திட்டுவார்கள். எப்படியும் வேலை போயிற்று. சேனல்காரரின் கார்கூடக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவளுக்குக் கடல் பிடிச்சுதாக்கா?"

வானம் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்பப் பிடிச்சுதும்மா" என்றாள். "தண்ணி கால்ல பட்டதும் கத்திட்டா. செருப்பைக்கூட அலை கொண்டுபோயிடுச்சு. நான் இத்தனை நாள் வரைஞ்ச கடல்ல ஒண்ணுகூட சரியில்ல, தெரியுமா? கிட்ட போய்ப் பாத்தா அது நீலமே இல்ல."

கூட்டம் கலையவில்லை. கேட்கவில்லை, கேட்கவில்லை என்று பின்னால் நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். கையெழுத்துப் போட வந்தவர் காரிலிருந்து இறங்கி, ஹெல்மெட்காரரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அப்ப என்ன கலர்?" என்று கேட்டார். முதலாளி கீழே உட்கார்ந்து, ஆடுகிற ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.