பாரம் இல்லாமல் காட்டிய வண்டி

அந்த வண்டியின் பின்பக்கத்தை நான் பார்த்த அளவுக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்க மாட்டேன். குனிந்து பார்த்தேன், படுத்துப் பார்த்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன். மீன் விற்கிறவளுக்கு இதெல்லாம் என்ன வேலை என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. வீட்டில் ஒரு ஆள் வலியோடு படுத்திருந்தால் எதை எதையோ நோண்டத் தோன்றுகிறது.

அது ஒரு பழைய பிக்கப். எங்களிடம் வரும்போதே உழைத்துக் களைத்துப் போயிருந்தது. காலையில் வைத்திக்குப்பம் கரையில் ஏலம் எடுக்கும் மீனை ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கி, அதில்தான் தவளக்குப்பம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவோம். எங்கள் தெருப் பெண்கள் சிலரும் தங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவார்கள். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். வலை இழுத்து இழுத்து இடுப்பு விட்டுப்போனதால் கரையேறினார். கரையேறிய ஆண்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த டிரைவர் சீட்டு கிடைத்த பிறகுதான் மனிதர் நிமிர்ந்து நடந்தார். அதையும் விட்டு இறங்கிவிட்டால் அவர் போய் உட்கார இடமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இடுப்பு வலி மறுபடி அதிகமானபோது பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "முதுகெலும்புல தட்டு விலகியிருக்கு. குலுங்குற வண்டியில இனிமே உட்காராதீங்க" என்றார்.

"குலுங்காம இருந்தா ஓட்டலாம் இல்ல சார்?" என்று கேட்டார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அன்றிலிருந்து வைத்தியம் எல்லாம் வண்டிக்குத்தான் நடந்தது.

வண்டி குலுங்கியது பொய்யில்லை. அதை ஆரம்பித்து வைத்தவரும் இவரே. பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துபோய் டயர் மட்கார்டில் உரசுகிறது என்று பட்டை பட்டையாக அடுக்கிய பின் ஸ்பிரிங்கில், ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு இரும்புப் பட்டை கூடுதலாகச் சொருகினார். வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு, குட்டிக்கரணம் போடப்போகிற பிள்ளை மாதிரி நின்றது. உரசல் நின்றது, ஆனால் குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர் அந்த உயரத்துக்கு எட்டவில்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஷாக் முழுசாக இழுபட்டு, மேலே அதை மாட்டியிருந்த இரும்புக் காது பிய்ந்துவிட்டது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வழக்கமான மெக்கானிக், பெரிய வண்டி ஒன்றின் நீளமான ஷாக்கைக் கொண்டுவந்து மாட்டினார். அளவெடுத்துச் செய்ததுபோல் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று இவர் எனக்குக்கூடப் பூ வாங்கி வந்தார்.

மறுநாள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கடலூர் ரோட்டில் முதல் வேகத்தடையிலேயே 'டம்' என்று ஓர் அடி. அடி வண்டிக்கு விழுந்தது மாதிரி இல்லை. நேராக இவர் முதுகெலும்பில் விழுந்த மாதிரி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பின்னால் இருந்த பெண்கள், "என்னாண்ணே, மேல கீழ பாத்து ஓட்டு" என்று கத்தினார்கள்.

பிறகு ரெட்டியார்பாளையமே கதி என்று ஆயிற்று. மெக்கானிக் ஷாக்கில் கேஸ் இல்லை என்றார், அதே நீளத்தில் புதுசு மாட்டினோம். ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது என்றார், மாற்றினோம். டயரில் காற்று கூடுதல் என்றார், யூ போல்ட் இறுக்கம் குறைவு என்றார், ரோடு சரியில்லை என்றார். கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு தடவையும் பின்பம்பர் மேல் ஏறிக் குதித்துப் பார்ப்பார். விழுப்புரம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல அண்ணி, பூ மாரி போவுது" என்பார். மறுநாள் காலையில் மறுபடி டம். சாயங்காலம் நான் தைலம் தேய்ப்பேன். இவர் குப்புறப் படுத்துக்கொண்டு, "எடது ஷாக்குதான்டி சரியில்ல" என்பார். எனக்குக் கை ஓய்ந்து போனது. தைலத்தின் வாடையும் மீன் வாடையும் கலந்து சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மெக்கானிக்கிடம் போகிற நாளெல்லாம் இந்தச் சடங்கு உண்டு. எங்கள் குப்பத்தில் எல்லாரும் அப்படித்தான். முன்பு ஒருமுறை வேறொரு பட்டறையில், "மீன் வண்டியா? வெளிய தள்ளி நிறுத்துங்க" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பெட்டியெல்லாம் இறக்கி, பினாயில் ஊற்றித் தேய்த்து, ஊதுவத்தி கொளுத்தி, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரிதான் பட்டறைக்குப் போவார். அன்று பினாயில் நெடி மூக்கில் ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாசத்தில் அந்த மெக்கானிக் இந்த வண்டியைப் பாரத்தோடு பார்த்ததே இல்லை. ஊதுவத்தி வாசனையோடு காலியாக நிற்கிற வண்டியைத்தான் பார்த்திருக்கிறார். நாங்கள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

"மாமா, நாளைக்குப் பெட்டியோட போவலாம் அங்க."

"எங்க?"

"ரெட்டியார்பாளையத்துக்கு."

"நாறுண்டி."

"நாறட்டும். ஒன் இடுப்பு நாறிப்போச்சே, அதுக்கு என்னா சொல்ற?"

அவர் பினாயில் பாட்டிலை மூடி வைத்தார். இதில் எனக்கு ஒன்றும் வெற்றி இல்லை. சண்டை போட அவருக்கும் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மற்றப் பெண்களை ஷேர் ஆட்டோவில் போகச் சொல்லிவிட்டு, எங்கள் மீனோடு இடம் நிரம்ப ஐஸ் ஏற்றி, வழக்கமான பாரத்தோடு கிளம்பினோம். தவளக்குப்பம் தெற்கே இருக்க, மீனை ஏற்றிக்கொண்டு மேற்கே போகிற பைத்தியங்கள் நாங்களாகத்தான் இருப்போம். பட்டறை வாசலில் நின்றதும் பின்கதவு வழியாகத் தண்ணீர் சொட்டியது. பைக் சரிபார்க்க வந்த ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். என் வீட்டுக்காரர், சம்பந்தமில்லாதவர் போல் எதிர்ப்பக்கம் போய் டீக்கடை ஓரமாக நின்றுகொண்டார். அவர் அப்படி நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. மீன் தின்னாத வாயா இந்த ஊரில் இருக்கிறது என்று யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

மெக்கானிக் முகம் சுளிக்காமல் அடியில் படுத்தார்.

"அண்ணி, குனிஞ்சி பாருங்க."

பார்த்தேன். அத்தனை பாரத்தில் பட்டைகள் வளைவு போய்க் கிடந்தன. நீள ஷாக்கின் கம்பி முழுசாக உள்ளே போய்விட்டது. அதற்கு மேல் இறங்க இடமில்லை. ஒரு குழியில் விழுந்தால் ஸ்பிரிங் தாங்குவதற்கு முன்பே ஷாக் முட்டி நின்று, அடியை அப்படியே வண்டிக் கூட்டுக்குள் அனுப்பியது. காலியாக இருக்கும்போது வண்டி உயரத்தில் நிற்கும். நீள ஷாக் சரியாக இருக்கும். அந்த உயரத்தைப் பார்த்துத்தான் அவர் அளவு எடுத்திருந்தார்.

"லோடு ஏத்தி வந்திருந்தா மொதல் நாளே சொல்லியிருப்பேன்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "நானும் கேக்கல, நீங்களும் சொல்லல."

சொருகிய பட்டைகளைக் கழற்றி, கம்பெனி அளவு ஷாக்கையே மாட்ட வேண்டும், பெட்டிகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெட்டி குறைந்தால் வரும்படி குறையும். இவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயந்தேன். டீக்கடையிலிருந்து கூப்பிட்டுச் சொன்னோம். கேட்டுவிட்டு, "கொறைச்சிக்கலாம்" என்றார் உடனே. டிரைவர் சீட்டு மிஞ்சினால் போதும் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

வேலை முடிந்து, பெட்டிகளைக் குறைத்து ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம் கிளம்பிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் வேகத்தடை வந்தது. நான் வழக்கம்போல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஏறியது, இறங்கியது, ஒரு தடவை மெல்ல ஆடி அடங்கியது. அரியாங்குப்பம் பாலத்தில் இணைப்புகள் மேல் போனபோதும் ஒன்றுமில்லை. பின்னால் பெண்கள் யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வந்தது. எத்தனையோ நாளாகத் தேங்கிய தூக்கம்.

மார்க்கெட்டில் வண்டி நின்றது. பெண்கள் பெட்டிகளை இறக்கினார்கள். நான் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்தேன். இவர் இறங்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. காலைத் தூக்க முடியவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வண்டியில் இனி ஒரு கோளாறும் இல்லை. இத்தனை நாள் பட்டை என்றோம், ஷாக் என்றோம். குற்றம் சொல்ல எதுவோ ஒன்று இருந்தது. இப்போது மிச்சம் இருந்தது அவர் உடம்பு மட்டும்.

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இன்னும் லேசா அடிக்குது இல்ல? எடது பக்கம்?"

எனக்கு அழுகை வந்தது. மார்க்கெட் நடுவில் அழ முடியுமா?

"ஆமா மாமா" என்றேன். "எனக்கும் தெரிஞ்சிது. நாளைக்கே போயி பாக்கச் சொல்லலாம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு காலாகக் கீழே வைத்து இறங்கினார்.