நிலவறையில் பிடுங்கிய பல்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது; இங்கே பல் டாக்டர்கள் பேசுவதோ அதுதான். கடைவாய்ப்பல் வலித்தபோது, எங்கள் மாதா கோயிலுக்கு வரும் பெண் ஒருத்தி லவால் நகரில் தன் வீட்டு நிலவறையில் வைத்துப் பிடுங்கினாள். ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்த்தவள். இங்கே லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் அவள் மனம் நோகுமே என்று பேசாமல் வாயைத் திறந்தேன்.

மறுநாள் முகம் வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. இன்னும் தாமதித்திருந்தால் மூச்சே அடைத்திருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அவளிடம் லைசென்ஸ் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என் மகள் பல் மருத்துவர் சபையில் முறைப்பாடு செய்தாள்.

பல் பிடுங்கியவள் எனக்குப் போன் எடுத்தாள். “அன்ரி, பாவம் எண்டு செய்தனான். காட்டிக் குடுத்திட்டியள், என்ன?”

“நான் செத்திருந்தா ஆர், பிள்ளை, பதில் சொல்லுறது?” என்றேன். வைத்துவிட்டாள்.

கோயிலில் இப்போது பலர் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். லைசென்ஸ் உள்ள பல் டாக்டரிடம்தான் போகிறேன். அவர் சொல்வது ஒன்றும் விளங்காததால், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.