வசனக்காரர் வீட்டுச் சாவு

டெரன்ஸைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வசனக்காரர் என்றால் அவர்தான். தூத்துக்குடி கடற்கரைத் தெருக்களில் ஒருவர் 'வசனம் பேசுதாரு' என்றால் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. சொல்ல வந்த விஷயம் கீழே நிற்க, குரல் மட்டும் மேடையேறிவிட்டது என்று அர்த்தம். கோயில் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிய வயதில் ஏறிய குரல் டெரன்ஸுக்கு அப்புறம் இறங்கவேயில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட, "உப்பளத்து நகரில் பிறந்தவளே, உன் குழம்புக்கு மட்டும் ஏன் இந்த வறட்சி?" என்பார்.

"வசனத்த நிறுத்திட்டு உப்பு டப்பாவ எடும்" என்பாள் பிளாரன்ஸ், அவர் மனைவி.

அந்தக் குரல்தான் சோறு போட்டது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஊருக்கு அறிவிக்க அவரைத்தான் தேடி வருவார்கள். ஆட்டோக்காரன் பொன்னுதுரையின் வண்டியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு, "அலைகளே, ஒரு கணம் ஓய்ந்து நில்லுங்கள்" என்று அவர் தொடங்கினால், மாடியில் துணி காயப்போடுகிற பெண்களின் கை அப்படியே நிற்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று பிளாரன்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் அலைய நிறுத்தினீரு. எனக்கு வேண்டாம். செத்துட்டா, வாங்கன்னு சொன்னாப் போதும். சத்தியம் பண்ணும்."

பண்ணினார்.

அதனால் அவள் போன அன்று காலையில் தெருத்தெருவாக இவ்வளவுதான் சொன்னார்: "டெரன்ஸ் மனைவி பிளாரன்ஸ் இறந்துட்டா. சாயங்காலம் அடக்கம். வாங்க." ஒவ்வொரு முனையிலும் ஆட்கள் அடுத்த வார்த்தைக்காகக் காத்து நின்றார்கள். "ஏலே, மைக் கெட்டுப்போச்சா?" என்று ஒரு பெரியவர் பொன்னுதுரையிடம் கேட்டார்.

திரும்பி வந்தபோது பிளாரன்ஸின் தங்கை விஜிலா வாசலிலேயே மறித்தாள்.

"அத்தான், யார் யார் செத்ததுக்கோ கடல அழ வச்சீரு. எங்க அக்காவுக்கு மட்டும், நாளைக்குத் தண்ணி வராதுன்னு கார்ப்பரேஷன்காரன் சொல்லுத மாதிரி சொல்லிட்டு வாரீரு. இவ்வளவுதானா அவ?"

சத்தியத்தைச் சொல்ல வாயெடுத்தார். இப்போது சொன்னால் அதுவும் வசனமாகத்தான் கேட்கும் என்று தோன்றியது. உட்கார முடியவில்லை. பந்தலுக்கும் ஆட்டோவுக்குமாக நடந்தார். பிறகு ஏறி மைக்கைத் தட்டினார். "அலைகளே" என்று குரல் தானாக உருண்டு வந்தது. கொஞ்சமும் கலங்காமல், எல்லா வீட்டுச் சாவுக்கும் வந்த அதே குரல். அவருக்கு உடம்பு கூசிற்று. மைக்கை அணைத்தார்.

"ஏளா விஜிலா, ஏறு. நீ சொல்லு. வசனம் கூடாதுன்னு அவ சத்தியம் வாங்கினது என்கிட்டதான்."

விஜிலா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, "எங்க அக்கா பிளாரன்ஸ்..." என்றாள். அதற்குமேல் வரவில்லை. விம்மல்தான் குழாய் வழியே தெரு முழுக்கப் போயிற்று. பொன்னுதுரை வண்டியை மெதுவாக விட்டான். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். சிலர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள்.

டெரன்ஸின் கை மைக் பக்கம் போய்ப் போய் வந்தது. கடைசியில் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.